குமிழி நின்றுவிட்டது, பீரைப் பாட்டிலில் அடைக்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலவரம் இது. இங்கிலாந்தில் இருக்கிறார். முதல்முறையாக 40 பைண்ட் (சுமார் 23 லிட்டர்) பீருக்கான கிட், அதாவது தேவையான பொருட்கள் அடங்கிய பெட்டி, வாங்கி வீட்டில் பீர் போட்டிருக்கிறார். ஹைட்ரோமீட்டரில் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) தொடக்க ரீடிங் 1044. இரண்டாம் நாள் நுரை பொங்கி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) ஓயாமல் குமிழி விட்டது. ஐந்தாம் நாள் குமிழி நின்றுவிட்டது. ஹைட்ரோமீட்டர் 1016 காட்டுகிறது. கிட்டோடு வந்த தாளில் ஆறு நாளில் பாட்டிலில் அடைக்கலாம், அப்புறம் இரண்டு வாரத்தில் குடிக்கலாம் என்று போட்டிருக்கிறது. இப்போது அடைக்கலாமா? அடைத்தபின் உண்மையில் எத்தனை நாள் வைக்க வேண்டும்?

அடைக்காதீர்கள். அறையைக் கொஞ்சம் சூடாக்கி, வாளியை அடிக்கடி திறக்காமல் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். அதன்பின் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு ரீடிங் எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்து, சுவையும் சரியாக இருந்தால் அடைக்கலாம். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் தொடர்ந்து படியுங்கள். பதினான்கு வருடமாக இங்கே வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன், நிறையக் கெடுத்தும் இருக்கிறேன்.

தாளில் இருக்கும் ஆறு நாள் பொய்யில்லை. 22 டிகிரி சூட்டில், நல்ல ஈஸ்ட் போட்டால், சர்க்கரையில் பெரும்பகுதி ஆறு நாளில் தீர்ந்துவிடும்தான். ஆனால் அந்தத் தாளை எழுதியவருக்கு உங்கள் வீட்டுச் சூடு தெரியாது. கிட்டோடு வந்த அந்த ஆறு கிராம் ஈஸ்ட் கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தது என்பதும் தெரியாது. பாகு காய்ச்சுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, இரண்டு விரலால் தொட்டு இழுத்துக் கம்பிப் பதம் வந்ததா என்று பார்க்கிறார். பீருக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. நாள் கணக்கு வெறும் குத்துமதிப்பு.

நம் சமையலறைப் பழக்கம் ஓரிடத்தில் மட்டும் தப்பாக வழிகாட்டும். இட்லி மாவு ஏறி நின்றால் எடுத்து ஊற்றிவிடுகிறோம், அங்கே பொங்குவதுதான் பதம். பீரில் பொங்குவது நடுக்கட்டம். அந்த நுரை எழுந்து, பழுப்பாகி, திரும்ப உள்ளே விழுந்த பிறகுதான் பீரைப் பீராக்கும் வேலையில் பாதி நடக்கிறது. அந்தப் பாதி கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது.

ஏர்லாக்கை நம்ப வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். பிளாஸ்டிக் வாளி மூடி முழுக்க இறுகுவது அபூர்வம். வேகமாக வாயு வரும்போது ஏர்லாக் வழியாகவும் போகும்; வேகம் குறைந்ததும் மூடியின் ஓரத்திலேயே கசிந்துவிடும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும், வெளியே ஒரு குமிழி வராது. இதற்கு நேர்மாறும் உண்டு. முடிந்துபோன பீரில் கரியமில வாயு கரைந்தே இருக்கிறது. காலையில் ஹீட்டர் ஓடி அறை இரண்டு டிகிரி ஏறினாலோ, மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்கினாலோ அந்த வாயு வெளியேறி ஏர்லாக் மறுபடி குலுங்கும். ஆகவே குமிழி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வாயு இந்த வழியாகப் போனது. வேறெதுவும் அதிலிருந்து தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது? ஈஸ்ட் போட்ட முதல் சில மணி நேரம், சிலசமயம் ஒரு நாள் வரை, ஒன்றும் தெரியாது. அது கரைசலில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துத் தன் செல் சவ்வுகளைத் தயார் செய்துகொள்கிறது. பிறகு பெருகுகிறது. பிறகு சாப்பிடுகிறது, அதுவும் வரிசைப்படி. முதலில் குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரை, அடுத்து மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கரைசலில் மிக அதிகமாக இருக்கும் மால்டோஸ், கடைசியில் மால்டோட்ரையோஸ். இந்தக் கடைசி ஆளைச் செரிப்பது மெதுவான வேலை. சில ஈஸ்ட் ரகங்கள் அதைப் பாதியிலேயே விட்டுவிடும். நீங்கள் இப்போது நிற்கும் 1016 அநேகமாக அந்த இடம்தான். ஆரவாரம் முடிந்துவிட்டது, சாப்பாடு முடியவில்லை.

இன்னொன்றும் இதில் சேர்கிறது. உச்ச வேகத்தில் ஈஸ்ட் தானே வெப்பத்தை உண்டாக்கும். அறை 18 என்றால் வாளிக்குள் 20, 21 இருக்கும். வேகம் குறையும்போது அந்தச் சொந்தச் சூடும் போய்விடுகிறது. இங்கே நாம் செலவு பார்த்து இரவில் ஹீட்டிங்கை அணைத்துவிடுகிறோம், அறை 14-க்கு இறங்குகிறது. கடினமான சர்க்கரை மிச்சமிருக்கும் நேரத்தில் குளிரும் வந்தால் ஈஸ்ட் சுருண்டு அடியில் படுத்துவிடும். இங்கிலாந்து வீடுகளில் குளிர்காலத்தில் போடும் பீர் 1016, 1018 என்று நின்றுபோவதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் அனுபவம்.

சரி, ரீடிங்குக்கு வருவோம். தண்ணீரை 1000 என்று வைத்தால் உங்கள் மால்ட் கரைசல் 1044. அந்த 44 புள்ளியில் ஈஸ்ட் எவ்வளவைத் தீர்த்தது என்பதுதான் கேள்வி. 1016 என்றால் 28 புள்ளி போயிருக்கிறது, அதாவது சுமார் 64 சதவீதம். சாதாரண ஏல் (அறைச் சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட் 72 முதல் 78 சதவீதம் வரை போகும். உங்கள் பீர் 1010-லிருந்து 1012-க்குள் எங்காவது நிற்க வேண்டும். 1010-ல் நின்றால் ஆல்கஹால் ஏறத்தாழ நாலரை சதவீதம். கிட்களில் வரும் சில மால்ட் சாறுகள் கொஞ்சம் மேலேயே நிற்கும், அது தவறில்லை. ஆனால் 64-ல் ஐந்தாம் நாள் நிற்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன்.

ஹைட்ரோமீட்டருக்கு இங்கே ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1784-ல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் இதைப் பீர் வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதுவரை பெரும்பாலும் கண், மூக்கு, கை. 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியை எடுத்துவிட்டு, கரைசலின் தொடக்க கிராவிட்டியை (ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி எண்) வைத்துப் பீருக்கு வரி போட்டார். அதே சட்டத்தில் வீட்டில் பீர் போடுகிறவர்களும் உரிமம் வாங்க வேண்டும் என்று வந்தது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். அதன் பிறகுதான் வீட்டு பீர் இங்கே பெருகியது. வீட்டில் போட்டுக் குடிக்கலாம், விற்கக் கூடாது. ஊருக்குப் போகும்போது செய்துகாட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.

ரீடிங் எடுப்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் வாயு நிறைய இருக்கும். அதில் ஹைட்ரோமீட்டரைப் போட்டால் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும், இரண்டு மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டும். மாதிரியை இரண்டு டம்ளருக்கு இடையே நான்கைந்து முறை ஆற்றுங்கள், காபி ஆற்றுவதுபோல. நுரை அடங்கட்டும். பிறகு கருவியைப் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்குச் சரிசெய்யப்பட்டவை. 30 டிகிரிக் கரைசலில் இரண்டு மூன்று புள்ளி குறைவாகக் காட்டும், தொடக்க ரீடிங் சூடாக எடுத்தவர்கள் இதில்தான் தவறுவார்கள். கருவியையே சந்தேகித்தால் 20 டிகிரித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 1002 காட்டினால் எல்லா ரீடிங்கிலும் இரண்டைக் கழியுங்கள். என்னுடைய முதல் ஹைட்ரோமீட்டர் நான்கு புள்ளி தப்பு; ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆல்கஹால் வந்த பிறகு அது நேராகக் காட்டாது, திருத்தக் கணக்கு போட வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இரண்டு சோறு வேண்டும், அதுவும் இரண்டு நாள் இடைவெளியில். இன்று 1011, நாளை மறுநாள் 1011 என்றால் நின்றிருக்கிறது. இன்று 1012, நாளை மறுநாள் 1011 என்றால் இன்னும் நகர்கிறது, விடுங்கள். தினமும் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகிறது, கூடவே வேண்டாத கிருமியும். எடுத்த மாதிரியைத் திருப்பி ஊற்றாதீர்கள், குடித்துவிடுங்கள். அதற்கு வேறு காரணமும் உண்டு, பிறகு வருகிறேன்.

நிற்பது ஒன்று, முடிவது வேறு. இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது படிக்கட்டுக்கு அடியில். பத்து வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி. பின்கட்டு அறையில் போட்ட பீர் 1018-ல் நின்றது. இரண்டு முறை பார்த்தேன், இரண்டும் 1018. விதிப்படி சரிதானே என்று 38 பாட்டில் அடைத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தேன். அறை 13 டிகிரியில் இருந்ததை யோசிக்கவே இல்லை. ஈஸ்ட் முடிக்கவில்லை, தூங்கியது. மே மாதம் முதல் வெயில் வந்தது. ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்குள் வெடிச்சத்தம். தொடர்ந்து இன்னும் நான்கு. காலையில் பார்த்தால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஆணி அடித்ததுபோலக் குத்தி நின்றது. பகலில் என் மகள் தன் ஷூவை எடுக்கத் திறக்கும் கதவு அது. அதற்குப் பிறகு நான் யார் சொன்னாலும் அவசரப்படுவதில்லை.

ஏன் வெடித்தது என்பதற்குக் கணக்கு எளிது. பீரில் கரைந்த வாயுவை வால்யூம் என்று அளப்பார்கள், ஒரு லிட்டர் பீருக்கு எத்தனை லிட்டர் வாயு என்று. பிரிட்டிஷ் ஏலுக்கு 2 அல்லது அதற்குச் சற்று மேல் போதும், பாட்டில் பேல் ஏலுக்கு 2.3, 2.4 நன்றாக இருக்கும். பாட்டிலுக்குள் கிராவிட்டி ஒரு புள்ளி இறங்கினால் ஏறத்தாழ அரை வால்யூம் வாயு உண்டாகும். நீங்கள் 1016-ல் அடைத்து அது உள்ளே 1011-க்கு இறங்கினால் ஐந்து புள்ளி, இரண்டரை வால்யூம். அதோடு நீங்கள் போடும் சர்க்கரை தருவது ஒன்றரை, ஏற்கெனவே கரைந்திருப்பது முக்கால் சொச்சம். கூட்டினால் ஐந்துக்குக் கிட்டப் போகிறது. சாதாரண பீர் பாட்டிலை மூன்றுக்கு மேல் நம்பக் கூடாது.

எப்போதாவது இப்படி மாட்டிக்கொண்டால், சூடாக இருக்கும் பாட்டிலைக் கையில் எடுக்காதீர்கள். மேலே தடித்த போர்வையைப் போட்டு, அறையைக் குளிரவிட்டு, ஒரு நாள் கழித்துக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்துங்கள். நான் வெயிற்காலத்தில் குளிர்காலக் கோட்டும் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு செய்தேன்.

உங்கள் 1016 தூங்குகிறதா, முடிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, பெரிய பீர் ஆலைகளிலும் செய்கிறார்கள். வாளியிலிருந்து 200, 250 மில்லி எடுத்துச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஒரு சிட்டிகை புது உலர் ஈஸ்ட் போட்டு, வாயைத் தளர்வாக மூடி, 25 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் வையுங்கள். பாய்லர் இருக்கும் அலமாரி சரியான இடம். போகும்போது வரும்போது குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அது போக முடிந்த ஆழத்துக்குப் போய்விடும். அது 1010-ல் நின்றால் உங்கள் வாளிக்கு இன்னும் ஆறு புள்ளி பாக்கி என்று அர்த்தம். அதுவும் 1015-லேயே நின்றால் அந்தக் கரைசலில் இருப்பது அவ்வளவுதான், கவலைப்படாமல் அடைக்கலாம். அடுத்த முறை போடும்போது முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய நிம்மதி.

தூங்குகிறது என்றால் எழுப்புவது கஷ்டமில்லை. வாளியை மெதுவாக வட்டமாக அசையுங்கள், தெறிக்காமல். பெல்ட் ஹீட்டரோ பழைய கம்பளியோ சுற்றி 20, 21 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று நாளில் நகரும். நகரவில்லை என்றால் புது ஈஸ்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் போடலாம். நான் இப்போதெல்லாம் சிக்கலே வராமல் இருக்க, முதல் மூன்று நாள் 18-ல் வைத்து, வேகம் குறையத் தொடங்கும்போதே 20-க்கு ஏற்றிவிடுகிறேன். சூட்டை முதலில் அடக்கி, கடைசியில் ஏற்ற வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொடக்கத்தில் 25-ல் வைத்து வார்னிஷ் நெடியும் பழ வாசனையும் வரவழைத்துவிட்டு, முடிவில் குளிரவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

இனி, மாதிரியைக் குடிக்கச் சொன்ன காரணம். கிராவிட்டி சர்க்கரையைத்தான் சொல்லும், சுவையைச் சொல்லாது. ஈஸ்ட் அவசரமாக வேலை செய்யும்போது அரைகுறையாகச் சில பொருட்களை வெளியே விடும். ஒன்று அசிட்டால்டிஹைடு, பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல இருக்கும். உங்கள் ஐந்தாம் நாள் மாதிரியில் இது இருந்திருக்க வேண்டும். இன்னொன்று டையசிட்டில், தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை, நாக்கில் ஒரு வழுவழுப்பு. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் இவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துச் சுத்தம் செய்யும். டையசிட்டில் கதை கொஞ்சம் வில்லங்கமானது. ஈஸ்ட் நேராக அதை விடுவதில்லை, அதன் முன்வடிவத்தை விடுகிறது. அதற்கு வாசனையே கிடையாது. அது மெதுவாக, வெளியே, தானாக டையசிட்டிலாக மாறும். மாறிய பிறகுதான் ஈஸ்டால் அதைத் தின்ன முடியும். சீக்கிரம் குளிரவைத்து ஈஸ்டை அடியில் தள்ளிவிட்டால் இன்று சுத்தமாக இருக்கும் பீர் மூன்று வாரம் கழித்து வெண்ணெய் நாறும்.

அதைப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. இரண்டு சின்ன ஜாடியில் மாதிரி எடுத்து மூடுங்கள். ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்துப் பிறகு ஆறவிடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் முன்வடிவம் பாக்கி இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் சூட்டிலேயே விடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் சரி. பழைய பாணி ஆங்கில ஏல்களில் லேசாக இந்த வாசனை இருப்பதை விரும்புகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது.

ஈஸ்ட் மண்டி மேலேயே இத்தனை நாள் கிடந்தால் கெடாதா என்று கேட்பீர்கள். பழைய புத்தகங்கள் ஒரு வாரத்தில் வேறு பாத்திரத்துக்கு மாற்று என்று சொல்லும். ஈஸ்ட் செத்துச் சிதைந்து இறைச்சிச் சாறு போன்ற நாற்றம் வரும் என்ற பயம். ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டியில், மேலிருந்து அழுத்தும் எடையில், சூட்டில் அது நடக்கும். நம் 23 லிட்டர் வாளியில் மூன்று நான்கு வாரம் வரை எனக்கு நடந்ததில்லை. மாற்றும்போது உள்ளே போகும் காற்றுதான் பெரிய கேடு, பீர் ஈர அட்டைபோல ருசிக்கும். மாற்றாதீர்கள். சாதாரண நாலரை சதவீத ஏலுக்கு நான் மொத்தம் பதினான்கு நாள் வாளியிலேயே விடுகிறேன்.

இடையில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நொதிப்பு முடிந்தபின் உலர்ந்த ஹாப்ஸ் போட்டால் கிராவிட்டி மறுபடி இறங்கத் தொடங்கலாம். ஹாப்ஸில் ஒட்டியிருக்கும் நொதிகள், ஈஸ்டால் தின்ன முடியாத பெரிய சர்க்கரைகளை உடைத்துத் தின்னத்தக்கதாக்கிவிடுகின்றன. இதை 1893-லேயே ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் எழுதிவிட்டார்கள். ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) மோகம் வந்து பாட்டில்கள் பொங்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் அதைத் தூசி தட்டியது. ஆகவே ஹாப்ஸ் போட்டபின் ரீடிங்கை முதலிலிருந்து எடுங்கள். சேசன் என்ற பெல்ஜிய பீர் வகைக்கான ஈஸ்டுகள் சிலவும் இதே வேலையைத் தாங்களாகவே செய்யும், 1002 வரைகூட மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். அவற்றுக்குப் பொறுமையும் தடித்த பாட்டிலும் வேண்டும். எந்தக் காரணமும் இல்லாமல் 1004-க்குப் போய், மேலே வெள்ளை ஏடு படிந்து புளித்தால் அது தொற்று, கொட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால், முடிந்தால் இரண்டு நாள் 2 முதல் 4 டிகிரியில் குளிரவையுங்கள். மண்டி படிந்து தெளியும். ஃபிரிட்ஜில் இடமில்லையென்றால் விட்டுவிடலாம். தெளிந்த பீரில் ஈஸ்ட் இருக்குமா என்று பயப்பட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அளவே பாட்டிலில் வாயு உண்டாக்கப் போதும்.

சர்க்கரைக் கணக்கு: 20 டிகிரியில் முடிந்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.85 வால்யூம் இருக்கும். லிட்டருக்கு நான்கு கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஒரு வால்யூமைக் கூட்டும். 20 லிட்டருக்கு 120 கிராம் போட்டால் 2.35 வரும், உங்கள் பீருக்கு அது சரியான அளவு. குளிரவைத்திருந்தாலும் கணக்குக்கு நொதிப்பு முடிந்தபோது இருந்த சூட்டையே எடுங்கள், ஃபிரிட்ஜின் சூட்டை அல்ல. போன வாயு குளிர்வித்ததும் திரும்பி வந்துவிடாது. சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலி வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியே சத்தமில்லாமல் இறக்குங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் போடுகிறவர்கள் ஒன்று சப்பென்றும் ஒன்று பொங்கியும் இருக்கிறது என்று பிறகு புலம்புவார்கள்.

அடைத்தபின் எத்தனை நாள்? இது இரண்டாவது நொதிப்பு, இதற்கும் சூடு வேண்டும். அடைத்த உடனே கொண்டுபோய்க் குளிர்ந்த கராஜில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதல் இரண்டு வாரம் 18 முதல் 20 டிகிரி அறையில் வையுங்கள். ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். தினமும் அமுக்கிப் பார்க்கலாம். கல்லாக இறுகியதும் மற்றவற்றிலும் வாயு வந்திருக்கும். பிறகு மூன்று நாளாவது ஃபிரிட்ஜில். வாயு மேலே வெற்றிடத்தில் இருந்தால் திறந்ததும் ஓடிவிடும், குளிரில் நிதானமாகக் கரைந்தால்தான் சின்னச் சின்னக் குமிழியாக நின்று வரும். ஏழாம் நாள் ஒன்று திறந்து பார்ப்பீர்கள், நானும் அப்படித்தான். தட்டையாக, கொஞ்சம் இனிப்பாக, ஒட்டாத சுவையாக இருக்கும். கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மூன்றாம் வாரம் திறந்து பாருங்கள், வேறு பீர்.

அதற்குமேல் வைப்பது ரகத்தைப் பொறுத்தது. உங்கள் நாலரை சதவீத பீர் நான்காம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை நன்றாக இருக்கும். ஹாப்ஸ் வாசனைக்காகப் போடும் ஐபிஏவும் கோதுமை பீரும் பழசாக ஆகக் கெடும், சீக்கிரம் முடித்துவிடுங்கள். எட்டு ஒன்பது சதவீத கறுப்பு ஸ்டவுட் ஆறு மாதத்துக்கு முன் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் பேசத் தொடங்கும். லாகர் தனி உலகம். 10, 12 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் நொதிக்கவிட்டு, முடிய ஐந்து புள்ளி இருக்கும்போது 16 டிகிரிக்கு ஏற்றி டையசிட்டில் தீர மூன்று நாள் கொடுத்து, பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே நான்கு முதல் எட்டு வாரம். அந்தப் பெயரே ஜெர்மனில் சேமித்துவைப்பது என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பவேரியாவில் 1553-ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் போடவே கூடாது என்று ஆணை இருந்தது. கோடைக்கு வேண்டியதைக் குளிர்காலத்திலேயே போட்டுக் குளிர்ந்த நிலவறையில் வைத்துக் காத்திருந்தார்கள். தனி ஃபிரிட்ஜ் இல்லாமல் முதல் வருடம் இதில் இறங்க வேண்டாம்.

உங்களுக்கான வேலை இவ்வளவுதான்: இன்றைக்கே வாளியைச் சுற்றிப் போர்வை, 20 டிகிரி, பக்கத்தில் அந்தச் சின்னச் சோதனைப் பாட்டில். பன்னிரண்டாம் நாள் ஒரு ரீடிங், பதினான்காம் நாள் இன்னொன்று, இரண்டு நாளும் ஒரு டம்ளர் சுவை. அடைத்தபின் இரண்டு வாரம் சூட்டில், அப்புறம் குளிரில். ஊற்றும்போது பாட்டிலைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் ஒரு விரல்கடை மண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். உடம்புக்கு நல்லது என்று அதையும் குடிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மறுநாள் அவரோடு காரில் போக மாட்டேன்.